உங்கள் பெயரில் ஒரு லாரி
வாங்குவது முதல் விபத்துப் பொறுப்பு வரை

திருவண்ணாமலையிலிருந்து செங்கம் வழியாகக் கிருஷ்ணகிரி போகும் நெடுஞ்சாலையில், 2023 அக்டோபரில் பத்து நாட்களுக்குள் இரண்டு கோர விபத்துகள் நடந்தன. 15-ஆம் தேதி செங்கம் அருகே காரும் லாரியும் மோதிக் குழந்தைகள் உட்பட 7 பேர் இறந்தார்கள். 23-ஆம் தேதி இரவு அதே வட்டாரத்தில் காரும் அரசுப் பேருந்தும் மோதி இன்னும் 7 பேர் இறந்தார்கள்.

இப்படி ஒரு விபத்தில் லாரி சிக்கும்போது, போலீசும் காப்பீட்டு நிறுவனமும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயமும் அதன் உரிமையாளரிடம் கேட்கும் கேள்விகள் எப்போதும் இவைதான். ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது? அன்றைக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) இருந்ததா? டிரைவரின் லைசென்ஸ் அந்த வண்டிக்குப் பொருந்துமா? பெர்மிட் உண்டா? லோடு மேல் ஆள் ஏறியிருந்தார்களா? பிரேக் எப்போது பார்க்கப்பட்டது?

விபத்து நடந்த பிறகு இவற்றில் ஒன்றைக்கூடத் திருத்த முடியாது. அதனால்தான் இந்த அத்தியாயம் லாரி வாங்கும் நாளிலேயே தொடங்குகிறது. டிரைவராக இருந்து முதல் வண்டி வாங்குபவர், ஆரணி, களம்பூர் அரிசி ஆலைகளுக்கு வாடகைக்கு ஓட்ட நினைப்பவர், ஜல்லி, எம்-சாண்ட் ஏற்ற டிப்பர் எடுப்பவர் ஆகியோரை மனத்தில் வைத்து வேலைகள் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன.

1. பழைய லாரி வாங்கும்போது: பெயர் மாற்றமே முதல் வேலை

செகண்ட் ஹேண்ட் லாரி கைமாறும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: “பேரு மாத்துறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்ணே, வண்டிய எடுத்துட்டுப் போங்க.” விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் இதைவிட ஆபத்தான யோசனை கிடையாது.

உச்ச நீதிமன்றம் 2011-இல் முடித்த ஒரு வழக்கைப் பாருங்கள். 1993 பிப்ரவரியில் ஒரு லாரி விற்கப்பட்டது. பணம் கைமாறியது, வண்டியும் கைமாறியது, ஆர்.சி.யில் மட்டும் பழைய பெயரே இருந்தது. 1994 மே மாதம் விபத்து. வண்டியை விற்று ஓராண்டுக்கு மேல் ஆகியும், பதிவில் இருப்பவர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காப்பீடும் அவர் பெயரிலேயே இருந்ததால், நிறுவனம் இழப்பீடு கொடுத்தது. காப்பீடு இல்லாமல் போயிருந்தால், விற்ற வண்டிக்காக அவர் சொந்தச் சொத்தை விற்க வேண்டி வந்திருக்கும். 2018-இல் வந்த இன்னொரு தீர்ப்பும் இதையே உறுதி செய்தது: பதிவுச் சான்றில் யார் பெயரோ, சட்டத்தின் கண்ணில் அவரே உரிமையாளர்.

செய்ய வேண்டிய வரிசை:

1. ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் வண்டியில் உள்ள எண்களோடு ஒப்பிடுங்கள். துருவைத் துடைத்துவிட்டு, டார்ச் அடித்து, ஒவ்வோர் எழுத்தாகப் படியுங்கள்.
2. வாகன் இணையதளத்தில் வரி நிலுவை, சலான், பைனான்ஸ் பதிவு, பிளாக்லிஸ்ட் ஆகியவற்றைப் பாருங்கள்.
3. பைனான்ஸ் முடிந்திருந்தால் படிவம் 35-உம், கடன் கொடுத்தவரின் என்.ஓ.சி.யும் கைக்கு வந்த பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள்.
4. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, விற்பவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவியுங்கள். இந்த மாவட்டத்தில் டிஎன் 25 வண்டிக்குத் திருவண்ணாமலை, டிஎன் 97-க்கு ஆரணி. வேறு மாவட்ட வண்டியானால் படிவம் 28-இல் என்.ஓ.சி. வேண்டும்.
5. காப்பீட்டையும் 14 நாட்களுக்குள் புதியவர் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள்.

வழக்கமான தவறு: தேதி போடாத படிவங்களில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, வண்டியை மூன்றாவது ஆளுக்கு விற்பது. நடுவில் விபத்து நடந்தால் முதல் உரிமையாளரின் வீட்டுக்குத்தான் சம்மன் போகும்.

2. ஐந்து தாள்கள், ஐந்து தேதிகள்

லாரிக்கு ஒரு கோப்பு போடுங்கள். முதல் பக்கத்தில் ஐந்து முடிவுத் தேதிகளைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் முப்பது நாள் முன்னதாகக் கைபேசியில் நினைவூட்டல் வையுங்கள்.

- எஃப்.சி. புது வண்டிக்கு 2 ஆண்டு. வண்டிக்கு 8 வயது ஆகும்வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கு மேல் ஆண்டுதோறும்.
- பெர்மிட். வெளிமாநில லோடு எடுப்பவருக்கு நேஷனல் பெர்மிட். 12 வயதைத் தாண்டிய வண்டிக்கு இது கிடைக்காது. மல்டி ஆக்சிலுக்கு வரம்பு 15. பழைய வண்டி வாங்கிப் பெங்களூரு லோடு ஓட்ட நினைப்பவர் விலை பேசுமுன் இந்தக் கணக்கைப் போட வேண்டும்.
- காப்பீடு. மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப் பட்டியலில் 12 டன்னுக்கு மேல் 20 டன் வரையிலான சரக்கு லாரிக்கு ஆண்டுப் பிரீமியம் வரி நீங்கலாக 35,313 ரூபாய். உயிரிழப்பு, காயத்துக்கு இதில் உச்சவரம்பு இல்லை. மூன்றாம் நபரின் சொத்துச் சேதத்துக்கு 7.5 லட்சம் ரூபாய் வரை.
- புகைச் சான்று.
- சாலை வரி.

காப்பீட்டுத் தாள் வந்ததும் மூன்று இடங்களைப் படியுங்கள். பாலிசி தொடங்கும் நேரம், வண்டியின் மொத்த எடை, டிரைவர் மற்றும் கிளீனருக்கான சட்டப் பொறுப்புக்குத் தனியாகப் பிரீமியம் வாங்கப்பட்டிருக்கிறதா என்பது. காசோலையில் கட்டினால் வங்கியில் பணம் இருக்கட்டும். காசோலை திரும்பினால் நிறுவனம் பாலிசியை ரத்து செய்துவிடும்.

தாள் இல்லாவிட்டால் என்ன நடக்கும்? பெர்மிட் இல்லாத லாரி ஒன்றின் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை அடிப்படையான விதிமீறல் என்றது. காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு முதலில் பணம் கொடுக்கும். பிறகு அந்தத் தொகை முழுவதையும் உரிமையாளரிடம் வசூலிக்கும். தீர்ப்பாயங்களில் இதைப் ‘பே அண்ட் ரெக்கவரி’ என்பார்கள். ஒரு லாரி வைத்திருப்பவரின் குடும்பத்தைக் கடனில் தள்ள இந்த ஓர் உத்தரவு போதும்.

3. டிரைவரை அமர்த்தும்போது

“நல்லா ஓட்டுவான், நம்ம பையன்தான்” என்ற சொல் தீர்ப்பாயத்தில் எடுபடாது. உரிமையாளர் என்ன செய்தார் என்பதைத்தான் பார்ப்பார்கள். 2003-இல் லெஹ்ரு வழக்கிலும், 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் உரிமையாளருக்குச் சாதகமான ஒரு வழியைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. லைசென்ஸை வாங்கிப் பார்த்து, வண்டி ஓட்டச் சொல்லித் திறமையையும் சோதித்து வேலைக்கு எடுத்த உரிமையாளர்மீது, பின்னாளில் அது போலி லைசென்ஸ் என்று தெரியவந்தாலும் அந்தக் காரணத்துக்காக மட்டும் பழி போட முடியாது. அந்தச் சோதனையைச் செய்ததற்கு அடையாளம் வேண்டும்.

1. அசல் லைசென்ஸைப் பாருங்கள். நகல் எடுத்துக் கோப்பில் வையுங்கள். சாரதி இணையதளத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்து, அந்தப் பக்கத்தையும் அச்செடுத்து வையுங்கள்.
2. வகை பொருந்துகிறதா என்று பாருங்கள். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகு ரக லைசென்ஸ் உள்ளவர் ஓட்டலாம் என்று அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று உறுதி செய்தது. அதற்கு மேற்பட்ட லாரிக்குக் கனரக லைசென்ஸ் கட்டாயம்.
3. முடிவுத் தேதியைக் குறியுங்கள். கனரகப் போக்குவரத்து வாகன லைசென்ஸ் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும்.
4. லோடு இல்லாத வண்டியிலும், லோடு ஏற்றிய வண்டியிலும் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தேதி, பாதை, பார்த்தவர் பெயர் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.
5. கண் பரிசோதனை ஆண்டுக்கு ஒருமுறை. செலவு உரிமையாளருடையது.

வேலை நேரத்தையும் இங்கேயே பேசி முடித்துவிட வேண்டும். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், தொடர்ந்து 5 மணி நேரத்துக்குமேல் ஓட்டாமல் அரை மணி ஓய்வு என்பது 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்த அளவு. டிரிப் கணக்கில் பேட்டா கொடுக்கும் உரிமையாளர், டிரைவர் தூங்காமல் ஓட்டினால்தான் காசு என்ற நிலையை உண்டாக்குகிறார். இரவு 1 மணி முதல் 4 மணி வரை வண்டி நின்றாலும் படி உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், டிரைவர் தயங்காமல் ஓரங்கட்டித் தூங்குவார்.

4. லோடு: எடை, கட்டு, ஆள்

களம்பூரில் 26 கிலோ அரிசிச் சிப்பம் ஏற்றப் போகிற இரண்டு ஆக்சில் லாரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆர்.சி.யில் மொத்த எடை 18,500 கிலோ, வெற்று எடை 7,500 கிலோ என்றால் இடைவெளி 11,000 கிலோ. 420 சிப்பம் என்றால் 10,920 கிலோ; தாளில் சரியாகத் தெரியும். டிரைவர், கிளீனர், அவர்களின் சமையல் சாமான், மழையில் நனைந்த தார்பாய் எல்லாம் சேர்ந்தால் எடைமேடையில் எல்லை தாண்டிவிடும். 410-இல் நிறுத்துவதே சரி.

ஓவர்லோடுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆவது பிரிவு விதிக்கும் தண்டம் 20,000 ரூபாய், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். மூன்று டன் கூடுதல் என்றால் 26,000. எடை போட நிறுத்தாமல் ஓட்டினால் 40,000. இந்தத் தண்டம் எத்தனை டிரிப்பின் கூடுதல் வாடகைக்கு ஈடாகும் என்று உரிமையாளரே கணக்குப் போடட்டும். பிரேக், டயர், பட்டை எல்லாம் கூடுதல் எடையில் தேய்வது வேறு.

கட்டு: கயிறு கட்டிய பின் 20, 30 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை நிறுத்தி இறுக்குங்கள். மூட்டை அமர்ந்து கயிறு தளர்வது அந்தத் தூரத்துக்குள்தான். கம்பி, குழாய் போன்றவை பாடிக்கு வெளியே நீட்டக் கூடாது.

ஆள்: திருவிழாக் காலத்தில் ஊர்க்காரர்கள் வந்து, “கோயிலுக்குத்தான் போறோம், வண்டியில ஏத்திக்கோங்க” என்று கேட்பார்கள். மறுப்பது சங்கடம். மறுத்தே ஆக வேண்டும். 2022 ஏப்ரல் 2 அன்று திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையில், செம்பரைக் கோயிலுக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற சரக்கு வண்டி பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் உயிரிழந்தார்கள். சரக்கு வண்டியில் சும்மா ஏறிய பயணிக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-இலேயே சொல்லிவிட்டது. சரக்கின் சொந்தக்காரர் அல்லது அவருடைய பிரதிநிதி மட்டுமே விலக்கு. மற்றவர்களுக்கான இழப்பீடு உரிமையாளரின் தலையில் விழும்.

5. சாவி போடும் முன்: சுற்றிவந்து பார்த்தல்

காலையில் டிரைவரும் கிளீனரும் சேர்ந்து இடது முன் சக்கரத்தில் தொடங்கி வண்டியை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். தினமும் அதே வரிசையில் பார்த்தால் எதுவும் விட்டுப்போகாது.

1. தரை. வண்டிக்கு அடியில் ஆயில், டீசல், தண்ணீர் சொட்டிய தடம் உண்டா?
2. வீல் நட்டு. நட்டைச் சுற்றிப் பாருங்கள். அதிலிருந்து ரிம்மின் மேல் செம்பழுப்பாகத் துருக்கோடு இறங்கியிருந்தால், நட்டு தளர்ந்து ஆடியிருக்கிறது என்று பொருள். சுத்தியலால் தட்டினால் இறுகிய நட்டு கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். டயர் மாற்றிய வண்டியை 50, 100 கிலோமீட்டருக்குள் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும்.
3. டயர். வெட்டு, வீக்கம், இரட்டை டயருக்கு நடுவே சிக்கிய கல். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் கழற்ற வேண்டும். ரீட்ரெட் டயரை முன் சக்கரத்தில் போடாதீர்கள். அது கழன்றால் ஸ்டியரிங் கையில் நிற்காது.
4. பட்டை. உடைந்த இலை, நகர்ந்த சென்டர் போல்ட், தளர்ந்த யூ கிளாம்ப்.
5. ஏர் டேங்க். வடிகால் வால்வைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுங்கள். பால்போலக் கலங்கி எண்ணெயோடு வந்தால் கம்ப்ரசர் ஆயிலைத் தள்ளுகிறது, பட்டறைக்கு அனுப்புங்கள்.
6. ஏர் கசிவு. சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஏர் நிரம்பியதும் இன்ஜினை நிறுத்தி, பிரேக்கை ஒரு நிமிடம் மிதித்துப் பிடியுங்கள். மீட்டரின் முள் கண்ணுக்குத் தெரிய இறங்கிக்கொண்டே போனாலோ, எங்கேனும் சீறல் கேட்டாலோ வண்டி கிளம்பக் கூடாது.
7. விளக்கு, ஒளிர் பட்டை. பின்புறம் சிவப்பு, முன்புறம் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள் ஒளிர் பட்டைகள் சேறு படியாமல் இருக்கின்றனவா? பின்னால் வரும் வாகனம் அடியில் புகாமல் தடுக்கும் கம்பி நேராக இருக்கிறதா?
8. கேபினில் முக்கோண எச்சரிக்கைப் பலகை, முதலுதவிப் பெட்டி, இரண்டு கட்டைகள்.

வழியில் டீ குடிக்க நிறுத்தும் இடத்திலும் ஒரு சோதனை உண்டு. புறங்கையை ஹப்புக்கு அருகே கொண்டு போங்கள், தொட வேண்டாம். ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தால் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் போகிறது. லோடோடு தொடர்ந்து ஓட்டினால் டயர் தீப்பிடிக்கும்.

6. பட்டறை வேலையும் பதிவேடும்

ஆயில் மாற்றும் கிலோமீட்டர் வண்டிக்கு வண்டி வேறுபடும். கம்பெனி கொடுத்த கையேட்டைப் பின்பற்றுங்கள். கையேடு எதுவாக இருந்தாலும் நான்கு வேலைகளைத் தள்ளிப்போடக் கூடாது: பிரேக் லைனிங், ஸ்லாக் அட்ஜஸ்டர், கிங்பின்னும் ஸ்டியரிங் இணைப்புகளும், வீல் பேரிங் கிரீஸ். லைனிங் தேய்ந்து ரிவெட்டின் தலை டிரம்மில் உரசத் தொடங்கும்வரை காத்திருப்பவர் டிரம்மையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். ஒரே ஆக்சிலின் இரு பக்கத்தையும் ஒன்றாக மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

ஒவ்வொரு வேலைக்கும் தேதி, கிலோமீட்டர், மாற்றிய சாமான், பட்டறையின் பில் ஆகிய நான்கும் நோட்டில் ஏற வேண்டும். விபத்துக்குப் பின் வண்டியைச் சோதிக்க வரும் பிரேக் இன்ஸ்பெக்டரின் அறிக்கையில் ‘பிரேக் பழுது’ என்று வந்தால், உரிமையாளர் வண்டியைக் கவனித்து வந்தார் என்பதற்கு இந்த நோட்டும் பில்லும் முதல் சான்றாகும்.

பாதுகாப்பு:

- ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டு வைத்து, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள்.
- ரிங் உள்ள ரிம்மில் காற்று நிரப்பும்போது நேர் எதிரே நிற்காதீர்கள். ரிங் தெறித்து இறந்தவர்கள் உண்டு. நீளமான குழாய் வைத்து, கூண்டுக்குள் வைத்தே காற்றடிக்க வேண்டும்.
- டிப்பரின் தொட்டியைத் தூக்கி அடியில் வேலை செய்யுமுன் தாங்குகம்பி கொடுங்கள். ஹைட்ராலிக்கை நம்பாதீர்கள்.
- தொட்டியைத் தூக்குமுன் அண்ணாந்து மின்கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். தூக்கிய தொட்டியோடு வண்டியை நகர்த்தாதீர்கள்.

7. இந்த ஊர்ச் சாலைகளுக்கான குறிப்புகள்

பௌர்ணமியும் தீபமும். திருவண்ணாமலைக் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதன் ஒரு பகுதி செங்கம் சாலையிலேயே போகிறது. காஞ்சி சாலையும் அதைத் தொடுகிறது. மாதந்தோறும் பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கானவர்கள், பலரும் வெறுங்காலோடு, விடிய விடிய நடக்கிறார்கள். கார்த்திகை தீபத்தன்று கூட்டம் இன்னும் பல மடங்கு. காவல்துறை கனரக வாகனங்களை வெளியிலேயே திருப்பிவிடும். உரிமையாளர் செய்ய வேண்டியது எளிது: நாள்காட்டியில் பௌர்ணமித் தேதிகளைக் குறித்து, அந்த இரவுகளில் ஊருக்குள் வரும்படி லோடு ஒப்புக்கொள்ளாதீர்கள். புக்கிங் ஆபீசிலும் முன்னதாகச் சொல்லிவிடுங்கள்.

மலை இறக்கம். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் மலைப்பாதையிலும், சேலம் பக்கம் போகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாயிலும் ஒரே விதி. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கக் கூடாது. ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்க வேண்டும். எக்ஸாஸ்ட் பிரேக்கைப் பயன்படுத்த வேண்டும். கால் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி, அடிவாரம் வருமுன் பிரேக் பிடிக்காமல் போகும். 2020 டிசம்பரில் தொப்பூரில் சிமென்ட் ஏற்றிய லாரி ஒன்று பத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள்மீது மோதி உயிர்ப்பலி வாங்கியது.

சாலையோர நிறுத்தம். நின்றுகொண்டிருக்கும் லாரிதானே, மோதியவன்மீதுதானே தப்பு என்று நினைப்பவர் பலர். நடுச்சாலையில் விளக்கில்லாமல் இரவில் நின்ற டேங்கர்மீது கார் மோதிய வழக்கில், கார் ஓட்டியவர்மீது தவறில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் கூறியது. நெடுஞ்சாலையில் எச்சரிக்கை இல்லாமல் நிறுத்தப்பட்ட 14 சக்கர டிரெய்லர் பற்றிய 2024 வழக்கிலும் பொறுப்பு முழுவதும் லாரியின் பக்கமே விழுந்தது. வண்டி பழுதாகி நின்றால் தார்ச்சாலையை விட்டு முடிந்தவரை இறக்குங்கள். நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, முக்கோணத்தை 50 மீட்டருக்குக் குறையாமல் பின்னால் வையுங்கள். கல்லும் மரக்கிளையும் எச்சரிக்கைப் பலகைக்கு ஈடாகாது; வண்டி கிளம்பும்போது அவற்றை எடுக்காமல் போனால் பின்னால் வரும் பைக்குக்கு எமன்.

8. விபத்து நடந்துவிட்டால்

இந்தப் பகுதியைத் தனித்தாளில் அச்சடித்து, டிரைவர் இருக்கைக்கு மேல் ஒட்டுங்கள்.

உடனே (டிரைவர்):

1. வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, நான்கு இண்டிகேட்டரையும் போடுங்கள். முக்கோணம் வைத்து, கட்டை கொடுங்கள்.
2. 108-ஐ அழையுங்கள். காயம்பட்டவரை மருத்துவமனைக்குச் சேர்ப்பது டிரைவரின் சட்டக் கடமை. தமிழ்நாட்டில் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் 18 முதல் நடப்பில் உள்ளது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. 2025 மே முதல், 7 நாட்களுக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை தரும் மத்திய அரசின் திட்டமும் உண்டு.
3. கூட்டம் கூடி அடிக்க வந்தால் உயிரைக் காத்துக்கொண்டு நேரே காவல் நிலையம் போங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆவது பிரிவு இதை ஏற்கிறது. தலைமறைவாவது வேறு, அது குற்றத்தைப் பெரிதாக்கும்.

அலட்சியத்தால் உயிரிழப்பு ஏற்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதா 106(1)-இன்படி 5 ஆண்டு வரை சிறை. போலீசுக்குச் சொல்லாமல் ஓடினால் 10 ஆண்டு வரை என்ற 106(2)-ஐ எதிர்த்துத்தான் 2024 ஜனவரியில் நாடெங்கும் லாரி டிரைவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2024 ஜூலை 1-இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது.

முதல் 24 மணி நேரம் (உரிமையாளர்):

1. காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள்: பாலிசி எண், இடம், நாள், நேரம், காயம்பட்டவர் அல்லது இறந்தவர் விவரம், டிரைவர் பெயர், லைசென்ஸ் எண்.
2. இடத்தைப் படம் எடுங்கள்: டயர் தடம், வண்டிகள் நின்ற நிலை, சாலை விளக்கு, வேகத்தடை, எச்சரிக்கைப் பலகை.
3. டாஷ் கேமராவும் ஜி.பி.எஸ். பதிவும் இருந்தால் அழிந்துபோகுமுன் நகல் எடுத்து வையுங்கள்.
4. பிரேக் இன்ஸ்பெக்டர் பார்க்கும்வரை எதையும் பழுது பார்க்காதீர்கள்.

செய்யவே கூடாதது: லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டிய வண்டிக்கு, லைசென்ஸ் உள்ள வேறொருவரை ‘டிரைவர்’ என்று காவல் நிலையத்தில் கொண்டுபோய் நிறுத்துவது. இப்படி யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். சுங்கச்சாவடிக் கேமராவும் கைபேசிப் பதிவும் இருக்கும் காலத்தில் இது நிற்காது. இழப்பீட்டு வழக்கோடு, பொய்ச் சாட்சியம் உண்டாக்கிய குற்றமும் உரிமையாளர்மீது சேரும்.

30 நாட்களுக்குள்: 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, போலீஸ் 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையையும் 90 நாட்களில் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். இடையில் டிரைவர் படிவம் 3-ஐயும் உரிமையாளர் படிவம் 4-ஐயும் 30 நாட்களுக்குள் நிரப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டாம் பகுதியில் சொன்ன கோப்பு கையில் இருந்தால் இது ஒரு மணி நேர வேலை.

வண்டியை மீட்க: நீதிமன்றத்தில் மனு போட்டு, ஆர்.சி., காப்பீடு காட்டி எடுக்கலாம். காப்பீடு இல்லாத வண்டியை, இழப்பீட்டுக்குப் போதிய பிணைத்தொகை கட்டாமல் விடுவிக்கக் கூடாது என்பது உச்ச நீதிமன்ற உத்தரவு. மூன்று மாதத்துக்குள் கட்டாவிட்டால் வண்டி ஏலத்துக்குப் போகும்.

9. தீர்ப்பாயத்தில்

மாவட்ட நீதிமன்றத்தில் இயங்கும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில், பாதிக்கப்பட்டவர்கள் விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போடலாம். அதில் டிரைவர், உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் மூவரும் எதிர்மனுதாரர்கள்.

இங்கே பெரும்பாலான உரிமையாளர்கள் செய்யும் தவறு, “இன்சூரன்ஸ் இருக்கு, கம்பெனி பாத்துக்கும்” என்று ஆஜராகாமல் விடுவது. காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் நிறுவனத்துக்காக வாதாடுபவர். ‘லைசென்ஸ் செல்லாது, பெர்மிட் இல்லை, பொறுப்பு உரிமையாளருடையது’ என்று அவர் எழுதிக் கொடுக்கும்போது மறுக்க ஆளில்லாவிட்டால், ‘பே அண்ட் ரெக்கவரி’ உத்தரவு தானாக வந்துவிடும். லாரி உரிமையாளர் ஆஜராகியும், ஓட்டியவர் தம் அனுமதி பெற்றவர், லைசென்ஸ் உள்ளவர் என்று சான்று காட்டாத 2018-ஆம் ஆண்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமே அப்படி உத்தரவிட்டது.

1. சம்மன் வந்த வாரத்திலேயே வழக்கறிஞரை அமர்த்துங்கள்.
2. விபத்து நாளில் செல்லுபடியான ஐந்து தாள்களின் நகல், லைசென்ஸ் அச்சு, ஓட்டிப் பார்த்த குறிப்பு, பராமரிப்பு நோட்டு, எடைமேடைச் சீட்டு ஆகியவற்றை எதிருரையோடு தாக்கல் செய்யுங்கள்.
3. டிரைவரைச் சாட்சியாக அழைத்து வாருங்கள். வேலையை விட்டுப் போயிருந்தாலும் அவர் முகவரி, கைபேசி எண் உங்களிடம் இருக்க வேண்டும்.
4. தீர்ப்பு பாதகமாக வந்தால் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 90 நாள் அவகாசம். தொகை கட்ட உத்தரவான உரிமையாளர் அதற்கு முன் 25,000 ரூபாய் அல்லது தீர்ப்புத் தொகையில் பாதி, இவற்றில் குறைந்ததை உயர் நீதிமன்றத்தில் கட்டியிருக்க வேண்டும்.
5. வழக்கு நடக்கும் காலத்தில் லாரியை விற்க நேர்ந்தால், விற்ற தேதிக்கான படிவம் 29-இன் ஒப்புகையை வழக்குக் கோப்பில் சேருங்கள். விபத்து நாளின் பொறுப்பு பழைய உரிமையாளருடையதாகவே தொடரும். விற்பனைக்குப் பிறகு நடப்பவற்றுக்கு அந்த ஒப்புகையும் முடிந்த பெயர் மாற்றமும் அவரைக் காக்கும்.